அணைவதைப் படித்தல்

தபஜோஸ் ஆற்றில் எங்கள் ஆய்வுப் படகு.
மின்விசிறி ஓடாது, கொசு ஓயாது.
அசாயிக் கடைகளின் பின்னால் குவிந்த கொட்டைகளைக்
காசில்லாமலே அள்ளித் தருகிறார்கள்.
குப்பையை என்ன செய்வாய்?
விளக்கு செய்வேன் என்றால் சிரிக்கிறார்கள்.

பொடித்து, எஃகுக் குடுவையில் இறுக மூடி
ஓர் இரவு முழுக்க அவித்தால்
கடுங்காப்பி நிறத்தில் கொஞ்சம் தண்ணீர்.
அதற்குள் கரித்துகள்கள்:
ஒரு மயிரிழையின் குறுக்கே
பதினாயிரம் நிற்கலாம், தோளோடு தோள்.
புற ஊதா டார்ச்சை அடித்தால்
நீலம்.
ஒவ்வொரு முறையும் ஜெனில்சன் ‘அட’ என்பான்,
மூன்று வருடமாக.

பாதரசம் தொட்டால் அந்த நீலம் போய்விடும்.
வேறு கருவிகள் மணியடிக்கும், சிவக்கும்.
இது பேச்சை நிறுத்திக்கொள்ளும்,
அவ்வளவுதான்.

ஒஸ்மரீனா இரண்டு மீன் கொண்டுவந்தாள்.
பழம் தின்னும் பக்கு ஒன்று.
மீனைத் தின்னும் துகுனாரே ஒன்று,
வாலில் பொய்க்கண்ணோடு.
சதையை அமிலத்தில் கரைத்து, தெளியவைத்து,
குப்பிக்குச் சில சொட்டு விட்டேன்.
தார்ப்பாயை இழுத்து இருட்டாக்கினோம்.

பக்கு எரிந்தது.

‘டார்ச்சில் பாட்டரி தீர்ந்திருக்கும்’ என்றாள்,
பக்கத்துக் குப்பி எரிவதைப் பார்த்துக்கொண்டே.

இரும்பும் இப்படி அணைக்கும்.
ரத்தத்தில் இரும்பு உண்டுதானே.
இரும்பைக் கட்டிப்போடும் உப்பைச் சேர்த்து
மறுபடி முதலிலிருந்து.
இரும்பாக இரு, இரும்பாக இரு என்று
ஒரு குப்பியிடம் நான் கெஞ்சியது
அன்றைக்குத்தான்.
இருட்டு அசையவில்லை.

ஆற்றின் வளைவுக்கு அப்பால்
தங்கம் உறிஞ்சும் மிதவைகளின் இரைச்சல்.
அவள் மகன் அங்கேதான், வெறுங்கையால்
பாதரசம் பிசைகிறான்.
அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

‘காலையில் இதே வலையில் ஆறு துகுனாரே விழுந்தது,
இதைச் சேர்க்காமல்.
ஆறையும் விற்றுவிட்டேன்.’

யாருக்கு?

விரல் மடக்கினாள்.
பள்ளிச் சமையலறைக்கு மூன்று.
டீசல் விற்கிற வால்டெசீருக்கு ஒன்று.
மாசமாக இருக்கும் எலியானெச்சிக்கு ஒன்று,
அதுவும் கடனுக்கு, வயிற்றுக்காரி என்று
பெரியதாகப் பார்த்து.

ஆறாவது விரலுக்கு மறு கை வேண்டியிருந்தது.
அதை மடக்காமல்
ஜெனில்சனைப் பார்த்தாள்.

நான் அடுப்பைப் பார்த்தேன்.
எலுமிச்சை, கொத்தமல்லி வாசம்
இன்னும் படகை விட்டுப் போகவில்லை.
சட்டியில் பாதி காலி.