பதினான்காம் மாடிக் கிளிப்

காலை ஐந்தாகப் பத்து நிமிடம்.
பாயா தெருபோங் பிளாட்டின் கீழே
என் வேனட்டுக்கு அடியில் பச்சையாய் ஒரு குட்டை.
நக்க வந்த பூனையை விரட்டினேன்.
இனிக்கும் அந்தத் தண்ணீர்,
இனித்துக்கொண்டே கொல்லும்.

முன்சீட்டைத் தூக்கினால் இன்ஜின்.
இந்த வண்டியில் எல்லாரையும்
அடுப்பின்மேல்தான் உட்கார வைக்கிறேன்.
சிப்ட்டுக்கு முதல் ஆளாய் இறங்கி வந்த அம்சவேணி
கைபேசி விளக்கைப் பிடித்தாள்.
பின்பக்கத்துச் சின்ன ஹோஸ்,
அதன் கழுத்தில் ஸ்பிரிங் கிளிப்.
துருவில் ஊறிய இரண்டு காதுகள்.

காதைச் சேர்த்துக் கிள்ளினால் பிடி விடும்.
பள்ளிக்கூடத்தில் எனக்கும்
அப்படித்தான் வாய் திறந்தது.
பிளேயரை நெருக்கினேன்,
இன்னும் கொஞ்சம்,
இன்னும்...
டிங்.
கன்னத்தை உரசிக்கொண்டு இருட்டுக்குள் போயிற்று.

முடியிலும் மெல்லிய தங்கக் கம்பியை
நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவள்
அரை நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தாள்,
இரண்டு துண்டாக.

கடைகள் திறக்க நாலு மணி நேரம்.
பார்லிமில் நேபாளப் பெண்கள் மூவர்,
ஆயர் ஈத்தாம் பஸ் நிறுத்தத்தில் நோர்ஹயாத்தி.
ஒரு நிமிடம் தாமதித்தாலும்
கம்பெனி வாசலில் அட்டை சிவப்பாய் அச்சடிக்கும்.

லிப்ட் பதிமூன்றில்தான் நிற்கும்.
மிச்ச மாடி கால்கணக்கு.
வீட்டில் ஆள் இல்லை,
குணாளன் கார்டு வேலை முடிந்து ஏழரைக்குத்தான் வருவார்.
ஒரே மெத்தை எங்களுக்கு,
அதிலும் சிப்ட் முறை.
துணி மெஷினைச் சுவரிலிருந்து இழுத்தேன்.
பின்னால், வடிகால் குழாயில்,
திருகு வைத்த கிளிப் ஒன்று
புத்தம் புதிதாய்ச் சிரித்தது.
எட்டுத் திருகில் கழன்று வந்தது.
சீட்டு எழுதி வைக்கப் பேனா தேடினேன்.
கிடைக்கவில்லை.
அதாவது, சரியாய்த் தேடவில்லை.

கீழே வந்து
பழைய தடம் பதிந்த ஹோஸ் நுனியைக்
கத்தியால் ஒரு விரல் அகலம் நறுக்கினேன்.
இழுத்தால் வராது, முறுக்கினால் வரும்;
செருகும்போதும் அப்படியே,
மேட்டைத் தாண்டும்வரை.
பிறகு திருகு.
ஒரு சுற்றுக் குறைந்தால் சொட்டும்,
ஒரு சுற்றுக் கூடினால்
கித்தாவைத் தகடு அறுக்கும்.
எங்கே நிறுத்துவது என்று
மணிக்கட்டுக்குத்தான் தெரியும்,
அதுவும் சில நாள் பொய் சொல்லும்.

தண்ணீர் ஊற்றி, கிளப்பி,
ஊசி பாதியில் நிற்கும்வரை மூச்சைப் பிடித்திருந்தேன்.
சொட்டவில்லை.
"அக்கா, கையெல்லாம் கரி" என்றாள் அம்சவேணி.
ஐந்து ஐம்பத்திரண்டுக்கு நகர்ந்தோம்.
எல்லார் அட்டையும் கறுப்பிலேயே விழுந்தது.

ஒன்பதரைக்குக் கீழ்மாடி சியூவின் குரல் செய்தி:
உங்கள் தண்ணீர் என் சாமி மேடையில் வடிகிறது.
குணாளனிடமிருந்து ஒரு கேள்விக்குறி,
வேறு எழுத்தே இல்லாமல்.
பயான் லெப்பாஸ் சாலையில்
இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தது
எனக்கு வசதியாய்ப் போயிற்று.

இரவு எட்டே முக்காலுக்கு வீடு.
அவர் போய்விட்டிருந்தார்.
பையில் புதுக் கிளிப், இரண்டு ரிங்கிட் நாற்பது.
தரை துடைத்திருந்தது.
குப்பைக் கூடையில் அறுந்த சிவப்பு ரப்பியா
மூன்று துண்டு.
குழாயின் கழுத்தில்
ஐந்தாறு சுற்றாய் இறுகியிருந்தது
பூட்ஸின் கறுப்புக் கயிறு.
வாசலில் செருப்பு அடுக்கின்மேல்
ரப்பியா உருண்டை, நுனி புதிதாய் வெட்டியது.

ஒரு காலில் கறுப்பும்
ஒரு காலில் சிவப்புமாய்
கொண்டோ வாசலில் இந்நேரம்
யாருக்கோ சல்யூட் வைத்துக்கொண்டிருப்பார்.

முடிச்சு நனைந்து உப்பியிருந்தது.
நகத்தால் நெம்பினேன், திருப்புளி முனையால் நெம்பினேன்,
அசையவில்லை.
கத்தியை எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.
அவர் சட்டைகளைப் போட்டு மெஷினை ஓட விட்டு
பின்னால் குந்தி விளக்கடித்துப் பார்த்தேன்,
கடைசிச் சுற்றுவரை.

புதுக் கிளிப் வேனில் கிடக்கட்டும்.
நாளைக்கு ஒரு ஜோடிக் கறுப்புக் கயிறு வாங்க வேண்டும்.
நீளம்தான் தெரியவில்லை.