மூன்றாவது மெழுகு

கடையின் முன்பக்கத்தில் ஸ்கேட் தீட்டுகிறார்கள்.
பின்னறை என்னுடையது:
தராசு, ஊதா விளக்கு, பத்து மடங்கு லென்ஸ்,
ஜன்னலுக்கு அப்பால் கல்லாகிக் கிடக்கும் சுப்பீரியர் ஏரி.
தண்டர் பே நகரத்துப் பிப்ரவரியில்
பொய் சொல்ல வருகிறவர்கள்கூட
முதலில் கையைச் சூடாக்கிக்கொள்வார்கள்.

அய்லி கோஸ்கெலா கையுறையைக் கழற்றவில்லை.
ரொட்டிப் பைக்குள்ளிருந்து எடுத்து வைத்தாள்
மெழுகுத்தாள் பொட்டலம் ஒன்றை.
ஹாக்கி அட்டைகள். எழுபத்தொன்றாம் வருஷம்.
பத்து சென்ட் என்று அச்சடித்திருந்தது;
உள்ளே இருப்பது யார் என்பதைப் பொறுத்து
இன்றைக்கு ஒரு டிரக்கே வாங்கலாம்.
"பிரிக்கவே இல்லை" என்றாள்.
எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள்.

நான் முகம் பார்ப்பதில்லை. மடிப்பைப் பார்ப்பேன்.
பொட்டலத்துக்கு முதுகில்தான் வாய்.
தொழிற்சாலை இயந்திரம் கோணலாக மடிக்கும்,
ஆனால் எப்போதும் ஒரே கோணல்.
அது வைத்த சூடு மெல்லிய கோடு,
சீப்பு வாரியதுபோல் பல்பல்லாய்த் தெரியும்.
மோசடிக்காரன்தான் பிசிறில்லாமல் மடிப்பான்.

ஊதா விளக்கின் கீழ்
தாள் மங்கலாகவே படுத்திருந்தது.
நல்லது. புதுத்தாள் என்றால் நீலமாய்ப் பல்லிளிக்கும்.

பிறகு லென்ஸ்.
இயந்திரத்தின் கோடு இருந்தது.
அதன்மேல், ஒரு மயிரிழை தள்ளி, இன்னொரு மெழுகு:
அகலமாக, வழிந்து, பளபளவென்று.

"இஸ்திரிப் பெட்டி" என்றேன்.

முன்பக்கத்துச் சாணைச் சக்கரம் நின்றது.
அவள் ஒரு கையுறையை மட்டும் கழற்றினாள்.

"எனக்கு ஒன்பது வயது.
ரெய்னோ காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்தான்.
இரண்டு வாங்கி ஒன்றைப் பிரித்தான்,
இன்னொன்றைத் தொடவிடவில்லை.
எதற்கு என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது."

நவம்பரில் தம்பியின் வீட்டைக் காலி செய்திருக்கிறாள்.
படகுக் காப்பீட்டுக் காகிதங்களுக்கு அடியில் இது.
வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவானாம்,
ஐம்பது வருஷம், பிரிக்காதது என்று.
ஐம்பது வருஷம் இவள் தலையாட்டியிருக்கிறாள்.

"அவனுக்குத் தெரிந்திருக்குமா?"

மதிப்பு கேட்க வரவில்லை, இதற்குத்தான் வந்திருக்கிறாள்.
அதெல்லாம் மெழுகு சொல்லாது
என்று சொல்ல வாயெடுத்தவன்
ஓரத்தைத் திருப்பினேன்.

அங்கே முட்டை வடிவில் ஒரு தழும்பு.
கட்டைவிரல் நுனி அளவு.
இஸ்திரியின் பளபளப்புக்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தது.

"கரண்டியைச் சூடாக்கி
அதன் முதுகால் அழுத்தினீர்களா?"

"கரண்டியா? இல்லையே."

தராசில் வைத்தேன். நான்கு கிராம் குறைவு.
விரலால் தடவினேன்.
பபிள்கம் பலகைபோல் முட்ட வேண்டிய இடம்
பள்ளமாய் அமுங்கிற்று.

"பபிள்கம்மை எடுத்தீர்களா?"

"திரும்ப வைத்துவிட்டேன்! சத்தியமாக!
ஒரு மூலையை நக்கிப் பார்த்தேன். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அவளே கேட்டுக்கொண்டாள், சொன்னதை.
முதலில் தோள்கள் குலுங்கின.
அழுகிறாள் என்று நினைத்துத் தண்ணீர் தேடினேன்.

"வரஸ்" என்றாள், ஃபின்னிஷ் மொழியில். திருடன்.
இன்னொரு முறை சொன்னாள்,
ஒருவனைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில்.

என் படிவத்தில் இரண்டே கட்டங்கள்.
பிரிக்கப்படாதது. பிரிக்கப்பட்டது.
இரண்டாவதில் குறியிட்டேன்.
"எத்தனை தடவை என்று எழுத இடமில்லையா?"
இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன்:
குறைந்தது இருமுறை, வெவ்வேறு கைகள்.

கட்டணம் வாங்கவில்லை என்று எழுதினால் நன்றாயிருக்கும்.
வாங்கினேன். நாற்பது டாலர்.

கதவருகே கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னாள்,
நான் கேட்காமலே:
"உள்ளே பெரிய ஆள் யாருமே இல்லை.
நாலு பேர், பேர்கூட மறந்துபோயிற்று.
ஐந்தாவது வெறும் பட்டியல் அட்டை.
யார் யார் இருக்கிறது, யார் யார் இல்லை என்று
பையன்கள் டிக் போட்டுக்கொள்வார்களே, அது."

சாணைச் சக்கரம் மறுபடி சுழலத் தொடங்கியது.
அதில் ஏதாவது டிக் போட்டிருந்ததா
என்று கேட்பதற்குள்
பனி அவளை மறைத்துவிட்டது.