நீல வளையம்

வெலிங்டன் பனி கதவிடுக்கில் நுழையும் காலை.
விளக்கடியில் பிஸ்டலைப் பிரித்தேன்.
மேகசின் வெளியே. அறை காலி.
விரல் விட்டும் பார்த்தேன், காலி.
ஸ்லைடைக் கழற்றி, ஸ்பிரிங்கை உருவி,
கம்பியின் அடியில் கோத்தேன்
சட்டைப் பொத்தான் அளவில் ஒரு நீல வளையம்.

இரும்பு பின்னால் வந்து இரும்பை இடிக்கிற இடம்.
இனி இது வாங்கிக்கொள்ளும்.

மிச்சி ஐந்தும் சுட்டாள்.
தோட்டா தீர்ந்தும் ஸ்லைடு பின்னால் பூட்டவில்லை.
"குளிர்ல ரப்பர் விறைச்சிருக்கும்."
"எனக்கும்தான் விறைக்குது, நான் சுடலையா?"
வளையம் தடிமன். குற்றம் என்னுடையது.
மெல்லியதாக ஒன்று மாற்றிக் கொடுத்தேன்,
பேசாமல்.

அருவங்காட்டுச் சங்கு ஊதும்போது நானூறு சுட்டிருந்தாள்.
மணிக்கட்டைத் தேய்த்தபடி, "உதைக்கத்தான் செய்யுது,
ஆனா சத்தம் போடாம உதைக்குது" என்றாள்.

கழற்றினால், எலி கரம்பிய முறுக்கு.
பையில் போட்டு மறந்தேன்.

துவைக்கையில் ஸ்டெல்லா எடுத்தாள்.
"குழாய்க்கு வாஷரா? மூணு மாசமா கேட்டேனே."
ஆமாம் என்றுவிட்டேன்.
போட்டுப் பார்த்தாள். பொருந்தவில்லை.

அன்றிரவு அவள் என்னோடு பேசவில்லை.
சொட்டுகளை எண்ணிக்கொண்டு கிடந்தேன்,
நானூறு வரைக்கும்.