கழிவு வண்டிக்காரன் சொன்னது

இரவு மணி இரண்டு.
நீச்சல் குளத்தின் நீல விளக்கு மட்டும் விழித்திருக்கிறது.
விடுதியின் பின்வாசல் வழியே
என் வண்டியை உள்ளே விடுகிறார்கள்.
தொட்டி மூடியை நெம்பிக் குழாயை இறக்குகிறேன்.
மேலே அவரவர் அறை, அவரவர் மொழி.
எல்லா நாட்டுக்காரர்களும் ஒன்றாய்க் கலப்பது
இங்கே, எனக்கு முன்னால்தான்.

என் பெயர் எர்மினியோ.
விசயக் கடலில் எங்கள் தீவு
வரைபடத்தில் ஈ எச்சமிட்ட புள்ளி.
பதினோரு வருடம் முன்பு
இரண்டு டென்மார்க்காரர்கள் படகு பழுதாகிக் கரையேறினார்கள்.
குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள்.
என் மனைவி லொரெத்தா கிணற்றில் இறைத்துக் கொடுத்தாள்.
காசு நீட்டினார்கள்.
தண்ணீருக்கா என்று
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இன்று அந்தக் கிணற்று நீரில் உலை வைத்தால்
சோற்றுக்கு உப்பு வேண்டாம்.
உப்பிட்டது யார் என்று மட்டும்
சாப்பிடும்போது நினைப்பு வரும்.
இருபது லிட்டர் கேன் நாற்பத்தைந்து பெசோ.
லொரெத்தா மீதிச் சில்லறையை
இரண்டு முறை எண்ணி வாங்குகிறாள்.

சேவல் சண்டைத் திடல் யோகா மண்டபமாகிவிட்டது.
கண்மூடி உட்கார்ந்திருப்பவர்களுக்கு
எத்தனை சேவல்கள் அங்கே
கழுத்தறுந்து துடித்தன என்று தெரியாது.
தெரிந்தவர்கள் நாங்கள்
துண்டு மடித்து வைக்கிறோம்.

குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள்.
மகள் ரோஸெல்லின் செபுவில் நர்ஸிங் படிப்பது
இந்த நாற்றத்தில்தான்.
வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது.
முதன்முதலில் ஐஸ் கட்டியை வாயில் போட்ட நாளில்
நாங்கள் நால்வரும் பேசவே இல்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.
இவ்வளவையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறாய் என்று
ஒருவரும் கேட்டதில்லை.
சுத்திகரிப்பு நிலையம் அப்போது
மேயர் அலுவலகச் சுவரில்
சட்டம் போட்ட படமாய் இருந்தது.
நான் விளக்கை அணைத்து
அலையாத்திக் காட்டுக்குள் வண்டியைப் பின்பக்கமாய் விடுவேன்.
நண்டுகள் விலகி வழிவிடும்.
அவற்றுக்கு வண்டிச் சத்தம் பழகிவிட்டது.

பிறகொரு ஏப்ரலில் கடல் பச்சையானது.
பாசி கரையில் பாய் விரித்துப் படுத்தது.
ஒரு குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு,
அதன் அம்மா எடுத்த காணொளி
எங்களைவிட அதிக ஊர் சுற்றியது.
மணிலாவிலிருந்து முகமூடி போட்டவர்கள் வந்தார்கள்.
தீவுக்குப் பூட்டு. ஆறு மாதம்.

மூன்றாம் மாதம்
நீரில் கை விட்டால் விரலைச் சுற்றி ஒளி வந்தது.
பக்கத்து வீட்டு தாசியோ ஓடி வந்து சொன்னான்,
"திரும்பி வந்துடுச்சு, பாரு!"
எதைச் சொன்னான் என்று நான் கேட்கவில்லை.
முழங்கால் அளவு வெளிச்சத்தில்
இருவரும் பசியோடு நின்றோம்.
குளிர்சாதனப் பெட்டி அடகுக்குப் போய்
பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

திறந்த அன்று
துறையில் வரிசையாக நின்றோம், சலவைச் சட்டையில்.
கழுத்தில் போடச் சோழி மாலைகள்,
பக்கத்துத் தீவிலிருந்து பெட்டி பெட்டியாய் வந்தவை.
முதல் படகில் இறங்கிய பெண்
மணலை அள்ளி முகர்ந்து
"யாருமே தொடாத இடம்" என்றாள்.
நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

நேற்று மேலாளரின் செய்தி:
ஏழாம் தொட்டி நிரம்பிவிட்டது.
ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.
பாதை பிரியும் இடத்தில் வலப்பக்கம்
புதுச் சுத்திகரிப்பு நிலையம், ரிப்பன் இன்னும் தொங்குகிறது.
வாயிலில் பூட்டு. புதுப் பூட்டு.
சாவி யாரிடம் என்று கேட்டு
மூன்று பேருக்குப் போன் செய்தேன்.
மூவரும் இன்னொருவர் பெயரைச் சொன்னார்கள்.

இடப்பக்கம் காடு.
எஞ்சினை அணைக்கவில்லை.
விளக்கையும் அணைக்கவில்லை.
வண்டிக்கு முன்னால் ஒரு நண்டு வந்து நின்று
கொடுக்கை உயர்த்தியது,
போகச் சொல்லியா,
போகாதே என்றா,
அதற்குள் விடிய ஆரம்பித்துவிட்டது.