நவம்பரில் உயிரோடு இருப்பது

மாரண்டஅள்ளி இ-சேவை மையத்தில்
என் விரல் விழவில்லை.
"கட்டை விரல் சார். தொடச்சிட்டு வைங்க."
வலது கையில் இரண்டு நுனி பனிக்குப் போனது.
மிச்ச எட்டிலும் ரேகை இல்லை,
ஸ்டியரிங்கில் பாதி, ஜெர்ரிகேன் கைப்பிடியில் பாதி.
அந்தப் பெண் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்.
பின்னால் பட்டா நகலுக்கு நின்றவர்
"எத்தன பேர சுட்டிருப்பீங்க?" என்றார்.

யாரையும் இல்லை.
பதினேழு வருஷம் மண்ணெண்ணெய் ஓட்டினேன்.
மேலே இருந்தவர்கள் சுட்டார்களோ என்னவோ,
அவர்கள் டீ கொதித்தது என் வண்டியால்.
லீவில் வந்தால் மாதம்மாள்
என் சட்டைகளைத் தனி வாளியில் ஊறவைப்பாள்.
மூணு தண்ணி மாற்றியும் போகாது.
மடியில் தூக்கினால் பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு
'ரேஷன் கடை மாமா' என்றான்.

ஒருநாள் அவள் கணக்குப் போட்டாள்,
பால் சொசைட்டி அட்டையின் பின்பக்கத்தில்.
வருஷம் அறுபது நாள்.
ரயிலில் போனதைக் கழி.
ஒரு வருஷம் லீவே ரத்து, அதையும் கழி.
"ரெண்டு வருஷம் நாலு மாசம்
குடும்பம் நடத்தியிருக்கோம்."
கோபமாகச் சொல்லவில்லை.
தொகையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு
மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

தருமபுரி ஆள்சேர்ப்பில்
அண்ணன் தீர்த்தகிரிதான் முதலில் ஓடி முடித்தான்.
நான் எட்டாவது.
டாக்டர் காலைச் சேர்த்து நிற்கச் சொன்னார்.
அவன் முட்டிகள் இடித்துக்கொண்டன,
கணுக்கால்கள் சேரவேயில்லை.
ஒரே குடத்துப் போர்த் தண்ணிதான் குடித்தோம்.
எனக்குப் பல்லில் பழுப்போடு நின்றது,
அவனுக்கு எலும்புக்குள் இறங்கிவிட்டது.

திரும்பிப் போய்த் தக்காளி போட்டான்.
விலை இருந்தால் பாலக்கோடு மண்டி,
இல்லாவிட்டால் ரோட்டோரம்.
எண்ணூறு அடி போர், பிறகு ஆயிரத்து இருநூறு.
தாய்க்குக் கடைசிப் பிள்ளை கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம்.
வைத்தது அவன்.
நான் பனி மூடிய வண்டிக்குள்
ஏழு நாள் பழைய ரொட்டியைச் சுட்டுக்கொண்டிருந்தேன்.
தந்தி என் கைக்கு வந்தபோது
காரியம் முடிந்து
பந்தல் கழிகள் வாடகைக் கடைக்குப் போய்விட்டன.

பென்ஷன் உண்டு. மாடி வீடு உண்டு.
கேன்டீன் பாட்டில் உண்டு,
அதற்காகவே சில சொந்தங்களும் உண்டு.
சசீந்திரன் என்று ஒருத்தன் இருந்தான்.
கொல்லத்துக்காரன், மிளகாய் ஆகாது.
அன்று அந்த வளைவில் முன்னால் போயிருக்க வேண்டியது நான்.
ஃபேன் பெல்ட் அறுந்தது.
'நீ மாத்திட்டு வா' என்று தாண்டிப் போனான்.
மாற்ற இருபது நிமிஷம்.
அதை அந்த அட்டையில் எங்கே எழுதுவது,
கூட்டுவதா கழிப்பதா?

போன மாசம் அண்ணனிடம் கேட்டுவிட்டேன்,
நான் போனது சரியா என்று.
மடக்க முடியாத கால்களை வரப்பில் நீட்டி உட்கார்ந்திருந்தான்.
"போனவனத்தான்டா கேக்கறாங்க.
நின்னவன எவன் கேட்டான்?"
பிறகு,
"கிலோ மூணு ரூபாயாம். கூடைய ஒரு கை புடி."
பிடித்தேன்.
எட்டு விரலில் நழுவி ஓரத்துப் பழங்கள் உருண்டன.
திட்டவில்லை. குனிய முடியாது அவனுக்கு,
நான்தான் பொறுக்கினேன்.

"மூஞ்சி வெச்சுப் பாக்கலாம் சார்" என்றாள் அந்தப் பெண்.
"கண்ணைச் சிமிட்டுங்க."
சிமிட்டினேன்.
"இல்ல சார், நல்லா மூடித் தொறங்க."
மூடினேன்.
அந்த வளைவு வந்தது, இருபது நிமிஷமும் வந்தது.
"போதும் சார், தொறங்க, தொறங்க."

திரையில் பச்சை டிக்.
முப்பது ரூபாய்க்கு ஐம்பதாகக் கொடுத்தேன்.
சில்லறை இல்லையாம்.
இருக்கட்டும்மா,
அடுத்த நவம்பரில் வாங்கிக்கொள்கிறேன்.