நடுக்கோடு

வேலியோரம் போனதை நான் வலிய அழைக்கவில்லை.
அதுவாகத்தான் வந்தது,
சொகோரோவுக்குத் தெற்கே, காலை பத்தரைக்கு,
மஞ்சள் பெயின்ட் காயாத நெடுஞ்சாலைக்கு.

நின்றது. ஓடியது. நின்றது.
கூர்த்த தலையை இப்படியும் அப்படியும் வெட்டி
பிளவுநாக்கால்
தாரின் சூட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்தது.

பன்னிரண்டு வருடமாய்ச் சாலைக்குக் கோடு போடுகிறவள்
வேறெதைப் பார்ப்பேன்?
எண்ணினேன்.
கரும்பழுப்பு முதுகில் வெளிர்மஞ்சளாய் ஏழு.
ஓரத்து ஆறும் நூல் பிடித்த மாதிரி
கழுத்திலிருந்து இடுப்பைத் தாண்டிப் போய்
வாலில் கரைகின்றன.
நடுக்கோடு மட்டும் நெளிகிறது,
வண்டி ஓட்டியவன் தும்மிவிட்டதுபோல.

இடைவெளிகளில் மங்கலாய்ப் புள்ளிகள்,
யாரோ தூரிகையை உதறியிருக்கிறார்கள்.
முதுகுச் செதில் அத்தனை பொடி:
இரவில் மினுங்கட்டுமென்று
ஈரப் பெயின்டில் நாங்கள் தூவுகிற கண்ணாடி மணி.
வயிறு வேறு கைவேலை.
எட்டு வரிசையாய்ச் சதுர ஓடு பதித்து
நீலம் தோய்ந்த வெள்ளை.

பிறகு, வால்.
உடம்பைவிட நீளமான சாட்டை,
சாம்பல்பச்சையில் கிளம்பி நீலத்தை எட்டப் போகையில்
ஒரு வெட்டு.
அதற்கப்பால் முளைத்தது வெறும் பழுப்பு.
இரண்டாம் முறை செய்யும்போது
நிறத்துக்கு யார் மெனக்கெடுகிறார்கள்?

"இதில் ஆணே கிடையாது, தெரியுமா யூதிமியா"
என்றான் எர்மெனெஹில்டோ, கூம்புகளை அடுக்கியபடி.
"அத்தனையும் பெண். அம்மாவின் அச்சு."

அப்படியானால் அந்த நெளிவும் அச்சுதான்.
முதல் கை எங்கே நடுங்கியதோ
கடைசி மகளும் அங்கேயே நடுங்குகிறாள்.
என் நெளிவுகளை மேஸ்திரி
கறுப்படித்து மறைத்துவிடுவார்.

அது கடந்தது.
ஈர மஞ்சளின் மேல் நீள்விரல் கால்கள்,
பின்னால் இழுபட்ட வால்.
மெஸ்கீட் புதருக்குள் போகும்போது
எட்டாவதாய் ஒரு கோடு, அடிவயிற்றில், எங்கள் மஞ்சள்.

"திரும்பப் போடு" என்று கத்தினார் மேஸ்திரி.
கம்ப்ரெசர் அடைத்துக்கொண்டது என்றேன்.
அடைக்கவில்லை.

இரவு வீடு திரும்புகையில்
விளக்கொளியில் மைல்கணக்காய் மின்னிக்கொண்டே வந்தது கோடு.
ஓரிடத்தில் மட்டும்
மணி ஒட்டாத சின்னச் சின்ன இருட்டுகள்,
நடுவே மயிரிழையாய் ஒரு கீறல்.

ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடித்து,
நெளிந்து போனேன்.