நிகர எடை

அத்திப்பட்டுப் புதுநகருக்கு அப்பால்
எடைமேடையில் எனக்கு இரவு ஷிப்ட்.
சாம்பல் லாரி ஏறும், நிற்கும்,
பிரிண்டர் மூன்று வரி துப்பும்:
மொத்த எடை
வெறுவண்டி எடை
நிகர எடை.

கெட்டுப்போன சீட்டுகளின் பின்பக்கம் வெள்ளை.
ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்தில்
எனக்கு விழுந்த தலைப்பு பாலைவனம்.
ஐந்து ஐக்கூ.
முதலாவது சுலபமாக வந்தது:

ஒட்டகத்தின் நிழல்
மணற்குன்று மணற்குன்றாய்
நிலவு நடக்கிறது

நான் பார்த்த ஒட்டகம் ஒன்றே ஒன்று.
தீவுத்திடல் பொருட்காட்சி, ஆளுக்கு நாற்பது ரூபாய்,
கழுத்தில் ஜிகினா மாலை.
ராட்டின வெளிச்சத்தில் அதற்கு
ஏழெட்டு நிழல்.
இரண்டாவதில் ஒரு ஈச்சமரம் வந்தது.
அது பேரீச்சம்பழ பாக்கெட்டின் மேல் பார்த்த மரம்.

தேசப்பனிடம் படித்துக் காட்டினேன்.
புரைதாவில் பதினோரு வருஷம்
தண்ணி டேங்கர் ஓட்டிய ஆள்.
"நிலா இன்னாத்துக்குமா நடக்குது?
வண்டி பொதைஞ்சா நாங்கதான் நடப்போம்."
அங்கே மணல் என்ன நிறம் என்றேன்.
"எல்லாம் நைட் ட்ரிப்பு.
ஹெட்லைட்டு எவ்ளோ காட்டுதோ
அவ்ளோதான் பாலைவனம்.
பில்லு குடு, லேட்டாவுது."
இரண்டையும் கிழித்துப் போட்டேன்.
கூடவே ஒரு நல்ல சீட்டும் கிழிந்தது.

லீவு நாளில் சாம்பல் குளத்துக் கரைக்குப் போனேன்.
குளம் என்பது பேச்சுக்கு.
கண்ணுக்கு எட்டியவரை சாம்பல்.
காற்று அதில் கைரேகை வைத்து
வைத்து அழித்துக்கொண்டிருந்தது.
சீமைக்கருவேலம் ஒன்று இடுப்புவரை உள்ளே.
தூரத்தில் தண்ணீர் மினுங்கியது, தண்ணீர் இல்லை.
கானலுக்குப் பேய்த்தேர் என்றொரு பழைய சொல் உண்டு.
இங்கே அது நிஜமாகவே வந்தது,
பதினான்கு சக்கரத்தோடு, தார்ப்பாய் போடாமல்.

காடும் மலையும் காய்ந்தால் பாலை என்று
பள்ளிக்கூடத்தில் எழுதி
ரெண்டு மார்க் வாங்கியிருக்கிறேன்.
கடற்கரை காய்ந்தால் என்ன பெயரென்று
கேள்வித்தாளில் வரவில்லை.
அன்று எழுதியது:

கொக்கு இறங்கி
ஒற்றைக் காலில் நிற்கிறது
சாம்பலில்

ஒரு சொல் அதிகம். எதுவென்று தெரியவில்லை.
மூன்று ராத்திரி அதையே
ஏற்றி இறக்கி நிறுத்துப் பார்த்தேன்.

நேற்று மூணே கால் மணிக்கு மறுபடி தேசப்பன்.
காலி வண்டியை மேடையில் விட்டு
"டீ சொல்லட்டா" என்று இறங்கி நடந்தார்.
சரக்கோடு திரும்பியபோது இறங்கவில்லை.
ஸ்டியரிங்கில் தலை சாய்த்து
உட்கார்ந்தே இருந்தார்.

இந்தக் கணக்கு எனக்குத் தெரியும்.
டன்னுக்கு இவ்வளவு என்று கூலி.
காலியில் இல்லாத மனுஷன்
மொத்தத்தில் இருந்தால்
கழித்து வரும் சாம்பலில் அவனும் ஒரு பங்கு.
மைக்கில் இறங்கச் சொல்ல வேண்டும்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மைக் வரை கை போனது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
இமையில், மீசையில், காது மடலில்
சாம்பல் பூத்து
தூங்கிக்கொண்டிருந்தார்,
அல்லது தூங்குவதுபோல் இருந்தார்.
பட்டனை அழுத்தினேன்.

நிகர எடை
இருபத்தோராயிரத்து நானூற்று எழுபது
அதில் எழுபது தேசப்பன்

பாலைவனம் எங்கே என்று கேட்பார்கள்.
இன்னும் மூன்று பாக்கி.
கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன்.
மேசையில் ஒரு சின்னக் குன்று.